தேர்வடம் பார்டருக்கு நாங்கள் போட்ட பில்

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஷம்ஷாத் மேடம், நின்றுகொண்டு. அவருக்குப் பக்கத்தில் கணக்கர் கலியமூர்த்தி, மடியில் ஒரு கோப்போடு. இந்தப் பக்கம் நானும் என் கூட்டாளி ஆரோக்கியதாஸும். இருந்திருக்க வேண்டிய ஒருத்தி அங்கே இல்லை: ஆரோக்கியதாஸின் தங்கை ஸ்டெல்லா. அந்த நேரம் அவள் புதுச்சேரியில் நர்சிங் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த வகுப்பில் தொடர்ந்து உட்கார முடியுமா என்பது இங்கே சிதம்பரத்தில், இந்த அறையில் முடிவாக வேண்டியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும்.

இது நடந்தது 2009இல். இப்போது 2012. நான் புடவை டிசைன் வரையும் தொழிலை விட்டு நான்கு மாதம் ஆகிறது. தேர்வு எழுதி, பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன். அரசாங்க வேலையில் இருப்பவன் தனியாகத் தொழில் செய்யக்கூடாது என்பதால் கிராஃப் தாளையும் பென்சிலையும் மூட்டை கட்டி வைத்தாயிற்று. இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எங்களுக்குப் பிறகு வரைய வந்த பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் வீடு தேடி வந்தார்கள். "அண்ணா, இப்பல்லாம் ஈமெயில்ல இன்வாய்ஸ் அனுப்பச் சொல்றாங்க. பேன் நம்பர் கேக்குறாங்க. எப்படிண்ணா எழுதறது?" என்றார்கள். எழுதிக் காட்டினேன். பத்து நிமிட வேலை. அவர்கள் போன பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் படிவத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று உறைத்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கம். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அரைக் காணி நிலம் இருந்தது. அதை விற்றுத்தான் என்னை நெசவு டிசைன் டிப்ளமாவுக்கு அனுப்பினார். இரண்டு வருடம் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதிச் சாப்பாடு, கண் எரிச்சல், கட்டம் கட்டமாகக் கனவு. அங்கேதான் கடலூர் முதுநகர்க்காரனான ஆரோக்கியதாஸ் பழக்கமானான். அவன் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், நான் கையில். 2004இல் படிப்பு முடிந்ததும் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்தோம். கையால் வரைவது நான், அதைக் கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பது அவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்போம். வருமானம் பாதிப் பாதி.

வெளியாளுக்கு எங்கள் வேலையைச் சொல்ல வேண்டுமானால் அட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புடவையில் பூ விழத் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலை மாதிரி அதில் சுற்றும். ஒரு அட்டை திரும்பினால் ஊடை நூல் ஒருமுறை ஓடும். எங்கே துளை, எங்கே துளையில்லை என்று சொல்வது நாங்கள் வரையும் கிராஃப். கிராஃபில் ஒரு படுக்கை வரி என்றால் தறியில் ஒரு அட்டை. அதனால் டிசைனுக்கு விலையும் அட்டைக் கணக்குத்தான். அப்போது அட்டைக்கு மூன்று ரூபாய். யார் வைத்த விலை என்று தெரியாது. எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம். யோசித்த நாளுக்கெல்லாம் விலை கிடையாது.

ஷம்ஷாத் மேடம் சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தொழில் நடத்தினார். புவனகிரிப் பக்கம் தறி வைத்திருப்பவர்களுக்கு நூலும் டிசைனும் கொடுத்து, பருத்திப் புடவையாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்புவார். கணவர் வெளிநாட்டில். வியாபாரம் முழுக்க இவர்தான். எங்களுக்கு மேலதிகாரி என்று யாரும் கிடையாது, ஆனால் அந்த எட்டு வருடத்தில் நான் யாருக்காவது பயந்து வேலை செய்தேன் என்றால் அவருக்குத்தான். அதட்ட மாட்டார். குரலே உயராது. பில் கையில் இருக்கும்வரை உட்கார மாட்டார். நின்றபடியே, தாளின் அடியில் கடைசி வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்து, அங்கிருந்து மேலே ஏறுவார். எல்லோரும் மேலிருந்து கீழே படிக்கிறோம். அவர் கீழிருந்து மேலே. அது ஏன் என்று ஒருநாள் கலியமூர்த்தியிடம் கேட்டேன்.

"மேல எழுதுறப்ப எல்லாரும் உஷாரா இருப்பாங்க தம்பி. கீழ வர்றப்பதான் கை தளரும். மேடம் அங்கேருந்து புடிப்பாங்க" என்றார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. முதல் மாதிரி நெய்து வந்ததும் அதில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டிப் பில்லோடு குண்டூசியால் குத்த வேண்டும். பாதி துணியிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி அவர் கையெழுத்துப் போடுவார். துணிமேல் மை பரவும், தாளில் பரவாது. பிற்பாடு யாரும் துணியையோ தாளையோ மாற்ற முடியாது. இந்த ஊரில் வேறு எவரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

2005இல் அவர் எங்களிடம் ஒரு பார்டர் கேட்டார். புதிதாக ஏதாவது, ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணும் கட்டுகிற மாதிரி. நான் தேர் வடத்தை எடுத்துக்கொண்டேன். சிதம்பரத்தில் தேர் வடத்தைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது கயிறு மாதிரியே இருக்காது. ஏதோ பெரிய உயிரின் உடம்பு மாதிரி கைக்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அந்த முறுக்கைப் பார்டராக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கடைசி அட்டை முடிந்து முதல் அட்டை மறுபடி வரும் இடத்தில் முறுக்கு அறுந்தது தெரியக்கூடாது. அறுந்தால் அது வடமில்லை, வெட்டிப்போட்ட துண்டுக் கயிறு. பதினோரு வாரம் வரைந்தேன், அழித்தேன், வரைந்தேன். நானூற்று ஐம்பது வரியில் முடிந்தது.

புவனகிரியில் அது முதல் முதலாகத் தறியில் ஏறியபோது போயிருந்தேன். தறிக்காரர் மிதிக்க மிதிக்க, நான் பென்சிலால் வைத்த ஒவ்வொரு புள்ளியும் நூலாக எழுந்து வந்து உட்கார்ந்தது. ஒரு முழு சுற்று முடிந்து அட்டை மாலை திரும்பிய இடத்தை நான் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பு தெரியவில்லை. வரைந்த எனக்கே தெரியவில்லை. தறிக்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் துணியில் விரலை ஓட்டிப் பார்த்தார். "இது எங்க ஆரம்பிக்குது தம்பி?" என்றார். கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்கிற மாதிரி நின்றேன்.

அப்புறம் பில் போட வேண்டும். பிரச்சினை அங்கேதான். அதற்கு முன்னால் நாங்கள் செய்த சில்லறை வேலைகளுக்கெல்லாம் துண்டுச் சீட்டு போதும். ஷம்ஷாத் மேடம் "முறையா ஒரு பில் குடுங்க" என்று சொல்லிவிட்டார். முறையான பில் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆரோக்கியதாஸ் வீட்டில் இருந்தது மளிகைக் கடைச் சீட்டு. எங்கள் வீட்டில் இருந்த ஒரே கனமான தாள், ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் கிடந்த நிலப் பத்திரத்தின் நகல். அப்பா அரைக் காணியை விற்றபோது எழுதியது. அதை எடுத்துப் படித்தேன். என்ன தமிழ் அது. படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. கடைசிப் பத்தியை அப்படியே எடுத்து, 'சொத்து' இருந்த இடத்தில் 'டிசைன்' என்று போட்டு, எங்கள் பில்லின் அடியில் எழுதினேன்:

"இன்று முதல் மேற்படி டிசைனைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் இனி எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் இல்லை."

ஆரோக்கியதாஸ் படித்துவிட்டு, "வாரிசுக்கு எங்கடா போறது, பொண்ணே பாக்கல" என்றான். ஆனால் அவனுக்கும் பிடித்திருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். தொகை: நானூற்று ஐம்பது அட்டை, அட்டைக்கு மூன்று ரூபாய், ஆக ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

மேடம் அதை நின்றபடி வாங்கினார். விரல் கீழே போனது. கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. மேலே ஏறவில்லை.

"இந்தக் கடைசி வரி யார் எழுதுனது?"

"நான்தான் மேடம்."

"யோசிச்சுதான் எழுதுனீங்களா?"

"நல்லா யோசிச்சுதான் மேடம் எழுதுனேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "நல்லது" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார். துணியிலும் தாளிலுமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது கலியமூர்த்தி, "தம்பி, பில்லு பத்திரமாட்டம் இருக்கு. முத்திரத்தாள்ல எழுதாததுதான் பாக்கி" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பஸ் நிலையம்வரை தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பில் போட்டோம். தேதி, வரிசை எண், அட்டைக் கணக்கு, திருத்தம் எத்தனை முறை, பணம் எத்தனை நாளில் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். அந்தப் பத்தியை வேறு பில்லில் போடவில்லை, இடம் அடைக்கிறது என்பதால். வேறு காரணம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2008 ஆனியில் தேரோட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தெற்கு வீதி முனையில் நிற்கிறேன். வடம் இழுக்கும் பெண்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒரு அம்மா, நாவல்பழ நிறப் புடவை. பார்டர் என் வடம். அவருக்கு இரண்டு ஆள் பின்னால் ஒரு பெண், பச்சை, அதே பார்டர். வடத்தைப் பிடித்த கையில் சுற்றியிருந்த முந்தியில் என் வடம், கைக்குள் அந்த வடம். எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதே தப்பு மாதிரி பட்டது, நிறுத்திவிட்டேன். யாருக்கும் என்னைத் தெரியாது. மஞ்சக்குப்பத்து மாடியில் ஒரு மேசையில் பென்சிலால் வைத்த புள்ளி, இத்தனை உடம்பில் ஏறி, தேரை இழுத்துக்கொண்டு போகிறது. நான் செய்தது என்ற பெருமைகூட வரவில்லை. நான் செய்ததா இது என்றுதான் இருந்தது.

மறு வருடம் சென்னையிலிருந்து ஒரு பட்டுக் கடைக்காரர் எங்களைத் தேடி வந்தார். அதே வடம் பார்டர், பட்டில், கொஞ்சம் அகலமாக வேண்டும். கூடவே முந்தியும், உடலில் வரும் புட்டாப் பூவும். விலைப்பட்டியல் கேட்டார். முதல் முறையாக அட்டைக் கணக்கை விட்டுவிட்டு மொத்தமாக எழுதினோம். பார்டர் பதினெட்டாயிரம், முந்தி பதினைந்தாயிரம், புட்டா ஏழாயிரம். நாற்பதாயிரம் என்று எழுதிவிட்டுப் பூஜ்யங்களை இரண்டு முறை எண்ணினேன். அவர் ஒரு பேச்சும் பேசாமல் இருபத்தைந்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருபதாயிரம் அந்த வாரமே ஸ்டெல்லாவின் கல்லூரிக் கட்டணமாகப் போனது. ஆரோக்கியதாஸின் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை. மீதி ஐயாயிரத்தில் பழைய மானிட்டர் ஒன்று வாங்கினோம்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னைக்காரர் ஒரு கடிதம் கேட்டார். இந்தப் பார்டரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு, வேறு எவருக்கும் இதில் பாத்தியம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதம் வந்தால்தான் மீதி வேலை. வராவிட்டால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும். இதில் என்ன இருக்கிறது, எழுதிக் கொடுக்கலாம் என்று பழைய பில்லின் கார்பன் பிரதியைத் தேடி எடுத்தேன். நான்கு வருடத்துக்கு அப்புறம் அந்தக் கடைசி வரியை, முதல் முறையாக, அர்த்தத்தோடு படித்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. வரியைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். அந்தப் பத்திரம் எழுதின நாளில் எழுத்தர் படிக்கப் படிக்க, இந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் படிக்கச் சொன்னாராம். வரப்பில் நடக்கலாமா என்று கேட்டாராம். வேப்பமரம் யாருக்கு என்று கேட்டாராம். மரமும் சேர்த்துத்தான் என்று தெரிந்த பிறகுதான் கைநாட்டு வைத்தாராம்.

"அந்த வரியப் போட்டுட்டா அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கக்கூடாதுடா. நான் ஏழு வருஷமா சுத்திக்கிட்டுதான் போறேன்" என்றார்.

நான் படிக்கப் போன காசு அந்த வரியில் வந்தது. அப்பா அதைக் கேட்டே புரிந்துகொண்டார். நான் படித்தும் புரிந்துகொள்ளவில்லை.

இப்படித்தான் நாங்கள் இருவரும் அந்த அறையில் வந்து உட்கார்ந்தோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், ஸ்டெல்லாவின் கட்டணம் உட்பட. கலியமூர்த்தி கோப்பைத் திறந்தார். எங்கள் பில் அப்படியே இருந்தது. குண்டூசி துருப்பிடித்து, வடத்துக்குப் பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு விழுந்திருந்தது. மேடம் அதைக் கையில் எடுத்தார். விரல் கடைசி வரிக்குப் போனது.

"அன்னைக்கே கேட்டேன். யோசிச்சு எழுதுனேன்னீங்க. படிச்ச பிள்ளைங்க, யோசிச்சிருப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஆரோக்கியதாஸுக்கு ஆற்றாமை. "மேடம், ஆயிரத்து முந்நூத்தம்பதுக்கு யாராவது அப்படி எழுதிக் குடுப்பாங்களா? இவன் வூட்டுப் பத்திரத்தப் பாத்துக் காப்பி அடிச்சிட்டான்."

"காப்பி அடிச்சது அவரு. கையெழுத்து ரெண்டு பேருது" என்றார் மேடம்.

பிறகு கலியமூர்த்தியிடம் அந்தப் பார்டரின் கணக்கைப் படிக்கச் சொன்னார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புவனகிரியில் பதினோரு தறி. நான்கு வருடம். இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் புடவை. ஆரோக்கியதாஸ் பெருமூச்சு விட்டது கேட்டது. நான் வேறொன்றை நினைத்தேன். அத்தனை புடவையிலும் அந்த இணைப்பு தெரியாமல் நெய்திருக்கிறார்கள்.

மேடம் சொன்னார்: "இத நான் அமானிதமா, நம்பிக் குடுத்த பொருளா வச்சிருந்தேன். ஒருத்தருக்கும் கை மாத்தல. இப்ப நீங்க கேக்குறீங்க. சும்மா திருப்பிக் குடுத்தா நாளைக்கு இன்னொரு எடத்துல இதே வரிய எழுதுவீங்க. அதனால விக்கிறேன். வாங்கிக்குங்க."

எவ்வளவு என்று ஆரோக்கியதாஸ் கேட்டான்.

"வெல சொல்றது விக்கிறவங்க வேல. ஆனா எனக்கு இந்தப் பொருளோட வெல தெரியாது. உண்டாக்குனவங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பில் எழுதுங்க. நான் உங்களுக்குப் போடற மாதிரி. நான் லுஹர் தொழுதுட்டு வரேன். எவ்வளவு எழுதியிருந்தாலும் ஜாஸ்தி கொறச்சல்னு சொல்லாம வாங்கிக்கறேன்."

பில்லை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கலியமூர்த்தி எங்களைப் பார்த்து, "இருவத்தெட்டு வருஷமா இங்க இருக்கறேன். இப்படி ஒரு பில்லு நான் எழுதுனதில்ல" என்றார்.

நாங்கள் இறங்கிக் கீழ வீதிக்கு வந்து டீக்கடையில் நின்றோம்.

"ஒரு ரூவா எழுதுடா. வாங்கிக்கறேன்னுதான சொன்னாங்க" என்றான் ஆரோக்கியதாஸ்.

நான் இரண்டு டீ சொன்னேன்.

"சரி, நியாயமா போவோம். ஆயிரத்து முந்நூத்தம்பது. வாங்குன வெலைக்கே."

நான் பையிலிருந்து சென்னைக்காரருக்குக் கொடுத்த விலைப்பட்டியலின் பிரதியை எடுத்து அவன் முன்னால் பிடித்தேன். முதல் வரி: பார்டர், பதினெட்டாயிரம்.

"நான் பதினஞ்சு போடலாம்னேன். பதினெட்டுன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்" என்றான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நேரத்திலும். பிறகு சிரிப்பு போயிற்று. "அத அவுங்க பாக்கலியேடா மச்சான்."

"நாம பாத்துட்டோமே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்பது அவன் தங்கையின் படிப்பு என்று எனக்குத் தெரியும். பதினெட்டாயிரத்தைக் கொடுத்தால் சென்னைக்காரரிடம் வர வேண்டிய பாக்கி மொத்தமும் இதற்கே போய், மேலும் மூவாயிரம் தேட வேண்டியிருக்கும். அடுத்த வருடக் கட்டணத்துக்கு ஒன்றும் இருக்காது. ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று எழுதினால் எல்லாம் நடக்கும், அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்பதுதான் என்னை என்னவோ செய்தது. இரண்டாயிரத்து அறுநூறு புடவைக் கணக்கை எங்கள் முன்னால் திறந்து வைத்துவிட்டு, பேனாவை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மனுஷி தொழப் போயிருக்கிறார். அப்படி ஒரு நம்பிக்கையை நான் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை.

"ஸ்டெல்லா பீஸு?" என்றான்.

"கட்டுவோம்."

"எதுலேர்ந்து?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். "தவணை குடுப்பாங்களான்னு நீ கேளு. எனக்கு வாய் வராது. டீக்குக் காசும் நீயே குடு. இன்னியிலேர்ந்து நான் கடங்காரன்."

மாடிக்குத் திரும்பி எழுதினேன். தேதி. தேர்வடம் பார்டர், ஒன்று. தொகை பதினெட்டாயிரம். கடைசி வரியில் அந்தப் பழைய பத்தியையே திருப்பிப் போட்டேன், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக யோசித்து. மேடம் வந்தார். நின்றபடி எடுத்தார். விரல் அடியில் போய் நின்றது.

"இத அடிச்சிடுங்க. உரிமையே இல்லன்னா என் பதினோரு தறி நாளைக்கு நின்னுடும். பருத்தியில நான் நெய்யறது நெய்வேன். பட்டுல, வேற எதுல வேணும்னாலும், உங்க இஷ்டம். அப்படி எழுதுங்க."

அடித்து எழுதினேன். அவர் விரல் மேலே ஏறியது. தொகையில் ஒரு கணம் நின்றது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சொன்னபடி ஜாஸ்தி என்றும் சொல்லவில்லை, குறைச்சல் என்றும் சொல்லவில்லை. மேலே ஏறித் தேதி வரைக்கும் போய் முடித்தார்.

நான் தவணை கேட்டேன். மாதம் எவ்வளவு முடியும் என்றார். ஆயிரத்து ஐநூறு என்றேன்.

"பன்னெண்டு மாசம். கலியமூர்த்தி, எழுதிக்குங்க." பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு எந்த வருஷம் படிக்குது?" என்று கேட்டார். இரண்டாவது வருடம் என்றான் ஆரோக்கியதாஸ். "படிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

கலியமூர்த்தி எதிர்க்கடைக்குப் போய் முத்திரைத்தாள் வாங்கி வந்து, இருபது ரூபாய் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "இப்ப பாக்கி இல்ல தம்பி" என்றார். பட்டுக்கு உரிமை எங்களுடையது என்று சென்னைக்காரருக்குக் கடிதம் போயிற்று, மீதி வேலையும் வந்தது.

அந்த மாதத்திலிருந்து மேடம் எங்களிடம் அட்டைக் கணக்கு கேட்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு டிசைனுக்கும் "உங்க வெல என்ன?" என்பார். சொல்லக் கற்றுக்கொண்டோம். ஸ்டெல்லாவின் அடுத்த வருடக் கட்டணம் அப்படிச் சொன்ன விலைகளிலிருந்துதான் வந்தது, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால். பன்னிரண்டு மாதமும் முதல் வாரம் சிதம்பரம் போனேன். கடைசித் தவணை கட்டிய அன்று, மேடம் அந்தப் பழைய பில்லிலிருந்து துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கி, இரண்டு அங்குலத் துணியை என் ரசீதில் வேறு ஊசியால் குத்திக் கொடுத்தார். பாதிக் கையெழுத்து அந்தத் துணியோடு என்னிடம் வந்துவிட்டது. மீதிப் பாதி அவர் கோப்பில் இருக்கிறது.

ஸ்டெல்லா இப்போது ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். ஆரோக்கியதாஸ் அதே ஜெராக்ஸ் கடை மாடியில், இப்போது வேறு கூட்டாளியோடு. நான் தினமும் யாருடைய பத்திரத்திலாவது அந்த வரியைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் விரல் தானாகத் தாளின் அடிக்குப் போய்விடுகிறது.

தம்பிகளே, படிவத்தில் நான் சொல்ல விட்டது இதுதான். எங்கள் டிசைனை நாங்களே திருப்பி வாங்க எங்களுக்கு ஆன செலவு, முத்திரைத்தாளையும் சேர்த்து, டீக் காசைச் சேர்க்காமல், பதினெட்டாயிரத்து இருபது ரூபாய்.